ஊதா மூடிக் குழாயில் பயத்தைத் தேடுகிறவர்கள்

ரத்தத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை, ரத்தத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எனக்கு பேனிக் டிஸார்டரும் உண்டு; காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று கடும் பயம் வந்து தாக்கும் நோய் அது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டதால், "பேனிக் அட்டாக்கை இனி ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம்" என்று எங்கே செய்தி வந்தாலும் யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல வருடமாக அனுப்புகிறார்கள். செய்தி ஒவ்வொரு முறையும் புதிது. பரிசோதனை மட்டும் எங்கள் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், அப்படி ஒரு பரிசோதனை வேண்டும் என்று நோயாளிகள் ஏன் தவிக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும், இன்னும் சில நிமிடத்தில் செத்துவிடுவோம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோன்றும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவோம். ஈசிஜி எடுப்பார்கள். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில், "எல்லாம் நார்மல்மா. ஒண்ணுமே இல்ல. டென்ஷன் ஆகாம இருங்க" என்பார்கள். கேட்டதும் நிம்மதி வர வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். அந்த ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் கூடுதல் என்றோ குறைவு என்றோ ஒரு குறி இருந்திருந்தால், வீட்டில் காட்டியிருக்கலாம். எண் இல்லாத நோயை யாரும் நோயாக மதிப்பதில்லை.

இத்தனைக்கும் அந்த நேரத்தில் என் ரத்தத்தில் ஒன்றுமே மாறவில்லை என்பது உண்மையும் இல்லை. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அப்போது ரத்தத்தில் தனித்து மிதக்கும் கால்சியம் அயனிகளில் ஒரு பங்கு புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. விரல் மரத்துப்போவதற்கும் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பதற்கும் அதுதான் காரணம். சரியாக அந்த நிமிடத்தில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்திருந்தால் எண்ணாகவே காட்டியிருக்கும். ஆனால் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடும் யாருக்கும் அதே எண்தான் வரும். அட்டாக்கின் விளைவை அது சொல்லும். யாருக்கு அட்டாக் வரும் என்பதைச் சொல்லாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பயத்தைத் தேடிய ஆய்வுகளில் பாதி இங்கேதான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கு ரத்தத்தோடு உள்ள உறவு அதற்கு இந்தப் பெயர் நிலைப்பதற்கு முன்பே தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்த சில நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். திடீரென்று வரும் அட்டாக்குகள் நின்றுவிட்டன. "மறுபடி வந்துவிடுமோ" என்ற கவலை மட்டும் அப்படியே இருந்தது. அப்படியானால் இரண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று அவர் வாதிட்டார். 1967-இல் பிட்ஸ், மெக்லூர் என்ற இருவர் இன்னும் துணிச்சலான வேலை செய்தார்கள். அப்போது 'பதற்ற நரம்புத் தளர்ச்சி' என்று அழைக்கப்பட்ட நோய் உள்ளவர்களுக்குச் சோடியம் லாக்டேட் என்ற உப்பை ரத்தக்குழாய் வழியாக டிரிப்ஸாக ஏற்றினார்கள். நோயாளிகள் 14 பேரில் 13 பேருக்கு அட்டாக் வந்தது. நோய் இல்லாத 10 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. பேனிக் டிஸார்டர் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான்.

ரத்தத்தில் ஒரு சாதாரண உப்பைக் கலந்தால் பயம் வருகிறது. சின்ன வயது நினைவு வேண்டாம், கெட்ட செய்தி வேண்டாம், கூட்டம் நிறைந்த பேருந்துகூட வேண்டாம். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எந்த ஆலோசகரும் தந்ததில்லை.

அப்புறம் 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கவைக்கும் சோதனை வந்தது. அதற்கும் அட்டாக் வந்தது. 1993-இல் க்ளைன், மூளையில் மூச்சுத்திணறலைக் கண்காணிக்கும் ஒரு அலாரம் இருக்கிறது, இந்த நோயாளிகளுக்கு அது காரணமில்லாமல் அடிக்கிறது என்று ஒரு கருத்தை முன்வைத்தார். 2013-இல் வந்த ஆய்வு ஒன்று இன்னும் விசித்திரம். பயத்துக்கே மூளையில் உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதிதான் தலைமையகம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது அல்லவா? இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன மூன்று பேருக்கு இதே வாயுவைக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் அட்டாக் வந்தது. ரத்தத்தின் வேதியியல், மூளையில் நாம் நினைத்த வாசலைத் தட்டாமலே உள்ளே போகிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவு இருந்தும் லாக்டேட் சோதனை நோயைக் கண்டுபிடிக்கும் வழியாக மாறவில்லை. ஒருவருக்கு அட்டாக் வருமா என்று தெரிந்துகொள்ள அட்டாக்கையே வரவழைப்பது என்ன வைத்தியம்? அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். ஆளைத் தொந்தரவு செய்யாமல், ஒரு குழாய் ரத்தம் எடுத்து, அதில் உள்ள அணுக்களில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஊதா மூடி போட்டது. ரத்தம் உறையாமலிருக்க உள்ளே ஈடிடிஏ இருக்கும். சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றி எடுத்தால் கீழே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அடர் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில் வெளுத்த சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு படலம் தெரியும். அதற்கு பஃபி கோட் என்று பெயர். வெள்ளையணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அதில்தான் இருக்கின்றன. பிப்பெட் முனை கொஞ்சம் கீழே இறங்கினால் சிவப்பணுவும் சேர்ந்து வந்துவிடும். கை நடுங்கக் கூடாது. பேனிக் டிஸார்டரின் ரத்த அடையாளம் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளில் பல இந்தப் படலத்தை நம்பித்தான் நடந்திருக்கின்றன.

தட்டணுவை எடுத்துக்கொண்டதற்கு நல்ல காரணம் உண்டு. செரட்டோனின் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். ரத்தத்தில் உள்ள செரட்டோனின் கிட்டத்தட்ட முழுவதையும் தட்டணுக்கள்தான் பொத்திவைத்திருக்கின்றன. குடலில் உற்பத்தியாகும் செரட்டோனினை அவை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அப்படி இழுக்கும் புரதமும் மூளை நரம்பணுக்களில் செரட்டோனினைத் திரும்ப இழுக்கும் புரதமும் ஒரே மரபணுவில் இருந்து வருபவை. இமிப்ரமின் போய் ஒட்டுவதும் அதில்தான். ஆக, மண்டையைத் திறக்காமல் மூளையின் ஒரு பாகத்தைப் பார்க்க ஒரு சன்னல் கிடைத்துவிட்டதாக 1980-களில் பலர் நினைத்தார்கள். பேனிக் நோயாளிகளின் தட்டணுக்களில் இமிப்ரமின் ஒட்டும் இடங்களை எண்ணினார்கள். சில ஆய்வுகளில் குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஏழு முதல் பத்து நாள்வரைதான் ஆயுள். அது எலும்பு மஜ்ஜையில் பிறந்து மண்ணீரலில் முடிகிறது. மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரிய நியாயமில்லை. மதில் சுவருக்கு வெளியே நின்று வாசனையை வைத்து உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று சொல்லப் பார்க்கும் வேலைதான் இது.

வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகளில் அட்ரினலின் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், அதாவது பீட்டா வாங்கிகள், இருக்கின்றன. அவை இந்த நோயாளிகளிடம் குறைவாக இருப்பதாக ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆனால் அட்ரினலின் அடிக்கடி வந்து தட்டினால் எந்த அணுவும் தன் வாங்கிகளைக் குறைத்துக்கொள்ளும். அது உடம்பின் வழக்கம். அப்போது அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயோடு வாழ்ந்ததன் தழும்பா? மறுபடி அதே இடத்தில் தடுக்கல்.

இதில் பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் மட்டும் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஊசியைப் பார்த்தாலே பதறும் ஒருவருக்கு அட்ரினலின் ஏறும். ஏறிய சில நிமிடங்களிலேயே மண்ணீரலிலும் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருந்த லிம்போசைட்டுகள் ரத்த ஓட்டத்துக்குள் கொட்டும். குறிப்பாக இயற்கைக் கொல்லி அணுக்கள். குழாயில் இருக்கும் அணுக்களின் கலவையே மாறிவிடுகிறது. காலையில் எடுத்த ரத்தத்துக்கும் இரவு எடுத்த ரத்தத்துக்கும் லிம்போசைட் எண்ணிக்கை வேறு. லாக்டேட் அளக்க வேண்டுமென்றால் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் தசையே லாக்டேட்டை ஏற்றிவிடும். ஆர்என்ஏ, அதாவது வேலை செய்யும் மரபணுக்களின் நகல், பார்க்க வேண்டுமென்றால் ரத்தம் மேசையில் சும்மா இருக்கும் நேரத்தில்கூட அணுக்கள் தங்கள் மரபணுக்களின் வேலையை மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்காகவே, எடுத்த கணத்தில் எல்லாவற்றையும் உறைய வைத்தது போல் நிறுத்தும் ரசாயனம் போட்ட தனிக் குழாய்கள் வந்திருக்கின்றன. பயந்தவருக்கும் பயப்படாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கப் போய், ஊசிக்குப் பயந்தவருக்கும் பயப்படாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துவிட்டு வரும் ஆபத்து எப்போதும் உண்டு.

இந்தச் சிக்கலைக் கெட்டிக்காரத்தனமாகச் சுற்றிப் போனவர்கள் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்காரர்கள். ராபர்ட் ஃபிலிபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து நேரடியாக ஆர்என்ஏ எடுக்கவில்லை. லிம்போபிளாஸ்ட் அணுவரிசைகளைப் பயன்படுத்தினார்கள். ரத்தத்திலிருந்து பி லிம்போசைட்டுகளைப் பிரித்து, எப்ஸ்டீன்-பார் வைரஸால் தொற்ற வைத்தால் அவை சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். பல தலைமுறை கண்ணாடித் தட்டில் வளர்ந்த அணுவுக்கு ஊசிப் பயம் இல்லை, அன்று காலை சாப்பிட்ட மாத்திரை இல்லை, சிகரெட் இல்லை, தூங்காத இரவு இல்லை. மிச்சமிருப்பது பெரும்பாலும் அந்த மனிதரின் மரபணுதான். நோய் உள்ளவர்களின் அணுவரிசைகளையும் இல்லாதவர்களுடையதையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். நிறைய மரபணுக்களில் வித்தியாசம் தெரிந்தது.

எனக்குப் பிடித்த ஆய்வு இது. ஆனாலும் இதில் பிடிபடாத ஒரு சங்கடம் இருக்கிறது. வைரஸே அணுவின் மரபணு நடவடிக்கையைத் தலைகீழாக்கிவிடுகிறது. அது போக, ஒவ்வொரு பக்கமும் இருபது பேர்கூட இல்லாத ஓர் ஒப்பீட்டில் பல்லாயிரம் மரபணுக்களை ஒரே சமயத்தில் சோதித்தால், தற்செயலாகவே கணிசமான எண்ணிக்கையில் வித்தியாசங்கள் காட்டும். அவற்றில் எது நிஜம் என்று பிரிக்க, வேறு ஆட்களிடம் வேறு கூடத்தில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அங்கேதான் இந்தத் துறை மெலிகிறது. ஒவ்வொரு குழுவும் புதிய மரபணுப் பட்டியலோடு வருகிறது. பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அபூர்வம்.

திரும்பச் செய்து பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2001-ஐச் சொல்ல வேண்டும். பார்சிலோனாவில் சேவியர் எஸ்திவில் குழுவினர் 'செல்' இதழில் ஒரு பெரிய அறிவிப்பு வெளியிட்டார்கள். பேனிக், வெளி இடங்களுக்குப் போகப் பயம், மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது இவையெல்லாம் சேர்ந்து ஓடும் குடும்பங்களில், 15-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டித்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு 'டப்25' என்று பெயர். ரத்த அணுக்களின் குரோமோசோம்களை ஒளிரும் சாயத்தால் குறியிட்டு நுண்ணோக்கியில் பார்த்தது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளிடமும் இருந்ததாகச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மனநலத் துறையில் அவ்வளவு சுத்தமான அடையாளம் யாரும் கண்டதில்லை. அடுத்த சில வருடங்களில் வேறு வேறு நாட்டு ஆய்வகங்கள் அதே துண்டைத் தேடின. நோயாளிகளிடமும் இல்லை, மற்றவர்களிடமும் இல்லை. டப்25 பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. செய்தியை எனக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கதையைத்தான்.

மரபணு முக்கியம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இரட்டையர் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்த நோய்க்கான சாய்வில் 40 சதவீதம் போல மரபுவழிப்பட்டது. ஆனால் 2,248 நோயாளிகளையும் கிட்டத்தட்ட 8,000 மற்றவர்களையும் வைத்து முழு மரபணுத்தொகுதியையும் சல்லடை போட்ட ஆய்வு ஒன்றில், இதுதான் என்று கைகாட்டக்கூடிய ஒரு இடம்கூட அகப்படவில்லை. மனச்சோர்வோடு நிறையப் பொதுவாக இருப்பது மட்டும் தெரிந்தது. அதனால்தான் எந்த ரத்த அடையாள ஆய்வை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒப்பீட்டுக்கு யாரை வைத்தார்கள் என்பதை. நல்ல ஆரோக்கியமான மாணவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் எப்படி? மனச்சோர்வு உள்ளவர், தைராய்டு அதிகமானவர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், இவர்களிடமிருந்து பேனிக் நோயாளியைப் பிரித்துக் காட்ட முடியுமா என்பதுதான் மருத்துவருக்கு வேண்டிய கேள்வி.

சரி, ஒரு நல்ல பரிசோதனை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும்; இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். மனநலத் துறையில் இப்படி ஒன்று வந்தால் கொண்டாடுவார்கள். அதை வருடாந்திர முழு உடல் பரிசோதனையில் சேர்க்கிறோம். 1,000 பேர் வருகிறார்கள். நோய் உள்ளவர்கள் 100-க்கு 2 பேர் என்று கொண்டால் 20 பேர். அதில் 18 பேர் அகப்படுவார்கள். மீதி 980 பேரில் 98 பேருக்கும் பாசிட்டிவ் என்று வரும். ஆக மொத்தம் 116 பாசிட்டிவ், அதில் நிஜமான நோயாளி 18 பேர். ஆறில் ஒருவர்கூட இல்லை. "உங்களுக்குப் பேனிக் டிஸார்டர்" என்று தாளில் அச்சடித்து மற்ற 98 பேரிடம் கொடுத்தால், அவர்களில் சிலருக்கு அன்றைக்கே முதல் அட்டாக் வரும்.

இதே பரிசோதனையை அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பாருங்கள். மாண்ட்ரியல் இதய நிலையத்தில் நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரிடம் நடத்திய ஆய்வு 1996-இல் வெளியானது. அவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பேனிக் டிஸார்டர் இருந்தது. இதயநோய் மருத்துவர்கள் அவர்களில் 98 சதவீதம் பேரை அடையாளம் காணவில்லை. இந்த 25 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 1,000 பேரில் 250 நோயாளிகள். 225 பேர் அகப்படுவார்கள். மீதி 750 பேரில் 75 பேருக்குத் தவறான பாசிட்டிவ். மொத்தம் 300 பாசிட்டிவில் 225 நிஜம். நான்கில் மூன்று. குழாய் அதேதான், இயந்திரம் அதேதான். கேட்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. ரத்தத்தில் பேனிக்கைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியை யாரிடம், எந்த அறையில் வைத்து என்று சேர்த்துக் கேட்காதவரை அதற்குப் பதிலே கிடையாது என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அவசரப் பிரிவு நோயாளிகளைப் பேனிக் என்று ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உட்கார வைத்துப் பேசித்தான். எந்த ரத்த அடையாளத்தைச் சோதிப்பதானாலும் அது சரியா தப்பா என்று முடிவு செய்ய நம்மிடம் இருக்கும் அளவுகோல் அந்தப் பேச்சுதான். திடீரென்று வந்ததா, சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போனதா, அதற்கப்புறம் ஒரு மாதமாவது மறுபடி வருமோ என்ற பயத்தில் இருந்தீர்களா, போகும் இடங்களைக் குறைத்துக்கொண்டீர்களா? இதைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் யாரிடமும் இல்லை என்பதால்தான் குழாயைத் தேடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்படியானால் ரத்த அணு ஆராய்ச்சியே வீணா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பதில், எந்தச் சிகிச்சை யாருக்கு எடுபடும் என்று சொல்லும் அடையாளம் கிடைத்தால் அது உண்மையிலேயே உதவும். இப்போது எப்படி நடக்கிறது? ஒரு மாத்திரையைக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருந்து, கேட்காவிட்டால் வேறு மாத்திரை. அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வகையில் என்னைக் கவர்ந்தது ஜெர்மனியில் கத்தரீனா டோம்ஷ்கே குழுவினர் செய்த வேலை. எம்ஏஓஏ என்பது செரட்டோனின், நார் அட்ரினலின் போன்றவற்றை உடைக்கும் நொதிக்கான மரபணு. மரபணுவின் மேல் மெத்தில் குறிகள் என்ற ரசாயன ஒட்டுகள் ஒட்டியிருந்தால் பொதுவாக அது அடங்கி இருக்கும். பேனிக் டிஸார்டர் உள்ள பெண்களின் ரத்த அணுக்களில் இந்தக் குறிகள் குறைவாக இருந்தன. 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு வார அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிகிச்சையில் குணம் கண்டவர்களுக்குக் குறிகள் மற்றவர்களின் அளவுக்கு ஏறியிருந்தன. குணம் காணாதவர்களுக்கு ஏறவில்லை. இந்தச் சிகிச்சை என்பது பேச்சும் பயிற்சியும்தான். அது வெள்ளையணுவின் டிஎன்ஏ வரை போய்ப் பதிந்திருக்கிறது.

உற்சாகமாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் எண்ணிக்கை சிறியது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இதே அளவை எடுத்து ஒப்பிட முடியாது. பெண்களிடமும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்திருப்பது கணக்கில் குறுக்கே வரும். வேறு கூடங்களில் பெரிய எண்ணிக்கையில் இதைத் திரும்பச் செய்து, குணமாவதற்கு முன்பே யார் குணமாவார் என்று சொல்ல முடிந்தால், எங்கள் பட்டியலில் அதைச் சேர்க்க முதலில் குரல் கொடுப்பது நானாகத்தான் இருப்பேன்.

அதுவரை ரத்தத்துக்கு இந்த நோயில் ஒரே ஒரு வேலைதான்: வேறு எதுவும் இல்லை என்று சொல்வது. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், ஒரு ஈசிஜி. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுபவர்களுக்கு மட்டும், அட்ரினலின் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மெட்டாநெஃப்ரின். ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து, எல்லாம் சரியென்றால் அதே பரிசோதனைகளை மாதாமாதம் திரும்ப எடுக்காதீர்கள். எடுப்பவர்களை எங்கள் வரவேற்பில் எனக்கு முகம் பார்த்தே தெரியும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய ஒரு மணி நேரம் நன்றாக இருப்பார்கள். அவர்களிடம் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கு மனசு வருவதில்லை. "இது நார்மல்னுதான் வரும். நீங்க ஒரு மனநல மருத்துவர்கிட்ட போங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஓரிருவர் நம்பர் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.